அரசின் குரல் எந்த மொழியில் வருகிறது?

1947-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, தீபாவளியன்று, காந்தியடிகள் டில்லி வானொலி நிலையத்துக்கு வந்தார். இந்திய வானொலி நிலையம் ஒன்றில் அவர் காலடி வைத்தது அந்த ஒரு தடவைதான். அன்றைய பேச்சு முதன்மையாக ஊருக்கெல்லாம் உரியதல்ல. பிரிவினையில் வீடு வாசல் இழந்து குருக்ஷேத்திர முகாமில் கிடந்த அகதிகளுக்காகவே அவர் பேசினார். நேரில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை, போக இயலவில்லை. போக முடியாததால் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். அந்த மக்களுக்கு எது புரியுமோ அந்த ஹிந்துஸ்தானியில் பேசினார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு 12 மணி முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் அடைக்கப்படும் என்று ஹிந்தியில் அறிவித்தார். இடையில் இருந்தது நாலு மணி நேரம். பேச்சு முடிந்த மாத்திரத்தில் ஊர்தோறும் ஜனங்கள் மளிகைக் கடைக்கு ஓடினார்கள். கடை திறந்திருக்குமா, பால் கிடைக்குமா, ரயில் ஓடுமா என்பது பேச்சைக் கேட்டவர்களுக்கே விளங்கவில்லை. விவரமான உத்தரவு உள்துறையிலிருந்து தனியே வந்தது. அது சட்ட வாசக நடையில் இருந்தது.

அன்றிரவு தாராவியின் சந்துகளிலும் பெங்களூரின் கட்டட வேலைத் தளங்களிலும் இருந்த தமிழ்த் தொழிலாளிக்கு எட்டியது என்ன? பத்து வருஷம் பம்பாயில் இருந்தவருக்கு ஹிந்தி தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், ஆனால் அவருக்குத் தெரிந்தது பஜார் ஹிந்தி. கூலி பேசவும், பஸ் ஏறவும், காய்கறி வாங்கவும் அது போதும். சர்க்கார் ஹிந்தி வேறு. வடமொழிச் சொற்கள் நிறைந்த அந்த நடை பீகார்த் தொழிலாளிக்கே பாதிதான் பிடிபடும் என்றால், திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதம் முன்பு வந்து இறங்கிய பையனின் கதி என்ன? பக்கத்து அறைக்காரர் சொன்னது, ஊரிலிருந்து வந்த போன், வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி, இவைதாம் அவனுக்குச் சர்க்கார் உத்தரவு.

இவ்விரண்டு பேச்சுகளுக்கும் இடையில் எழுபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்தது, தூர்தர்ஷன் வந்தது, செயற்கைக்கோள் வந்தது, இன்று உள்ளங்கையில் ஒரு பெட்டி. அரசின் குரல் குடிமகனின் காதுக்கு ஒவ்வொரு படியாக நெருங்கி வந்திருக்கிறது. ஆனால் பேசுகிறவர் யாரை நினைத்துப் பேசுகிறார் என்ற கேள்வியில் ஒரு படிகூட முன்னேறவில்லை.

ஆறு நிலையங்களும் ஒரு திருகாணியும்

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றில் சென்னை, திருச்சி ஆகிய இரண்டும் தமிழ் பேசின. ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கிராமத்தில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்று சாவடியில் ஒலிக்கும்; ஊரே கூடிக் கேட்கும். பத்திரிகையும் அப்படித்தான். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டு, அதிலே இரண்டு பேர் மறுத்துப் பேசுவார்கள். சர்க்கார் சொன்ன செய்தி அங்கேயே விசாரணைக்கு ஆளாகிவிடும்.

பிழைப்புக்காக வெளிமாநிலம் போன தமிழனுக்கு டில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்திதான் பெரிய ஆறுதல். காலை 7.15 மணிச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்ரீராமபுரத்திலும் மாதுங்காவிலும் பல குமாஸ்தாக்கள் ஆபீசுக்குக் கிளம்புவார்கள். சரோஜ் நாராயணசுவாமியின் குரல் அந்த வீடுகளில் சொந்தக்காரரின் குரல். செய்தி சர்க்காருடையதுதான், அதில் சர்க்காருக்கு ஆகாதது எதுவும் வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அது தமிழில் வந்தது. சிற்றலையிலும் மத்திய அலையிலும் வந்த அந்தக் குரல் பெங்களூர் என்றும் பம்பாய் என்றும் எல்லை பார்க்கவில்லை.

ஒலிபரப்பு சர்க்கார் கையில் இருந்தபோதும் கேட்கிறவன் முழுவதும் சர்க்கார் கையில் இருக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கும் என்று கருதி, வானொலியில் அதற்குத் தடை போட்டார். ஜனங்கள் சத்தியாக்கிரகம் எதுவும் செய்யவில்லை. ரேடியோவின் திருகாணியை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் சர்க்காரே இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதி பிறந்தது.

பாட்டு விஷயத்தில் நடந்தது பின்னர் அரசியலிலும் நடந்தது. 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகுதிக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலை இந்திரா காந்தி வானொலியில் நெருக்கடி நிலையை அறிவித்தார். ஒரு குரலை அணைத்துவிட்டு இன்னொரு குரலை ஒலிக்கச் செய்யும் காரியம் அத்தனை சுலபமாக முடிந்தது. அதற்குப் பின்பு வந்த மாதங்களில் ரேடியோவில் நல்ல செய்தி தவிர வேறு செய்தியே இல்லை. விளைவு என்ன? கல்லுப் போன்ற உண்மையை ரேடியோ சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போயிற்று. 1977 பிப்ரவரி 6-ஆம் தேதி டில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய கூட்டம் நடந்தது. அன்று மாலை தூர்தர்ஷன் 'பாபி' படத்தைக் காட்டியது. கூட்டத்தைக் குறைக்கும் உபாயம் இது என்று அப்போதே பேச்சு எழுந்தது. கூட்டம் குறையவில்லை.

1984 அக்டோபர் 31-ஆம் தேதி நடந்தது இன்னும் கசப்பானது. காலை ஒன்பதரை மணிக்குள் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை அகில இந்திய வானொலி மாலைவரை சொல்லவில்லை. பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவருடைய மகனே பி.பி.சி. கேட்டு நிலவரம் தெரிந்துகொண்டார் என்றால், சாமானியனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாடு தன் பிரதமரின் மரணத்தை அந்நிய ரேடியோவில் தெரிந்துகொண்டது. அமைதியைக் காக்கவே மௌனம் என்று சமாதானம் கூறலாம். அதற்கடுத்த நாட்களில் டில்லித் தெருக்களில் சீக்கியர்களுக்கு நேர்ந்த கொடூரத்தைப் பார்த்தால், அந்த மௌனம் அமைதியைக் காத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பத்து நிமிஷத்துக்கு மூண்ட கலவரம்

டெலிவிஷன் சாவதானமாக வந்து, பிறகு தலைதெறிக்க ஓடியது. டில்லியில் 1959-ல் தொடங்கியது பம்பாய்க்கு வர 1972 ஆயிற்று, சென்னைக்கு 1975. அதே 1975-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டு இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் காட்டினார்கள். கர்நாடகக் கிராமங்களும் அதில் இருந்தன. உழவு, சுகாதாரம், குடும்ப நலம் என்று அந்தந்தப் பகுதி மொழியில் பேசிய பரீட்சை அது. பரீட்சையில் தேறியதும் அந்த வழி கைவிடப்பட்டது. 1982 சுதந்திர தினத்தன்று டில்லியிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே தேசிய நிகழ்ச்சி, அதுவும் வர்ணத்தில், தொடங்கியது. 1984-ல், தேர்தல் வரவிருந்த ஆண்டில், ஏறக்குறைய நாளுக்கொன்று என்ற வேகத்தில் ஒளிபரப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. எந்த மொழியில் என்ற கேள்விக்கு ஹிந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் என்பதே பதில்.

இங்கே சர்க்காருக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஒரே அலைவரிசை, ஒரே மாலைப் பொழுது. எட்டரைக்கு ஒரு மொழியில் பேசினால் அதே எட்டரைக்கு இன்னொரு மொழியில் பேச முடியாது. மொழிகளுக்கு ரேஷன் போடத்தான் வேண்டியிருந்தது. ரேஷன் என்று வந்தால் சண்டையும் வரும்.

அந்தச் சண்டையைப் பெங்களூர் கண்ணால் பார்த்தது. 1994 அக்டோபர் 2-ஆம் தேதி பெங்களூர் தூர்தர்ஷனில் பத்து நிமிஷ உருதுச் செய்தி தொடங்கியது. கன்னட மக்கள் பார்க்கும் முக்கியமான நேரத்தில் அது வைக்கப்பட்டதாக எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு கலவரமாயிற்று. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தி நிறுத்தப்பட்டது. உருது பேசுகிறவர்கள் பெங்களூரில் இல்லாதவர்களா? கன்னடத்தின் மீது பற்றுள்ளவர்கள் எல்லோரும் கொடியவர்களா? இரண்டும் இல்லை. ஒரே பாயை இரண்டு பேருக்கு விரித்துவிட்டு, யார் படுப்பது என்று அவர்களையே தீர்த்துக்கொள்ளச் சொன்னது போன்ற ஏற்பாடு அது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1991 டிசம்பரில், காவிரிப் பிரச்னையில் அடிபட்ட பெங்களூர்த் தமிழர்கள் 1994-ல் வாய் திறக்கவில்லை. தமிழில் பத்து நிமிஷம் கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

அந்த நெருக்கடியிலிருந்து தமிழனைக் காப்பாற்றியது சர்க்கார் அல்ல; டிஷ் ஆன்டெனா. 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டி.வி. தொடங்கிற்று. கேபிள்காரர் புண்ணியத்தில் அல்சூரிலும் தாராவியிலும் தமிழ்ச் செய்தி வீட்டுக்குள் வந்தது. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. சர்க்காரின் ஏகபோகம் உடைந்தது. ஆனால் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டவர்கள் யார்? தமிழ்நாட்டில் கட்சிக்கொரு சேனல் வந்தது. ஒரு சேனலில் பத்து லட்சம் பேர் திரண்டதாகக் காட்டிய கூட்டம் அடுத்த சேனலில் நடக்கவே இல்லை. 2006 தேர்தலில் வீட்டுக்கொரு இலவசக் கலர் டி.வி. என்ற வாக்குறுதி வந்து, பின்னர் பெட்டியும் வந்தது. பெட்டி ஒருவர் கொடுத்தது, அதில் தெரியும் படமும் பெரும்பாலும் அவர்களைச் சார்ந்தவர்களுடையது என்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. (பத்திரிகைகள் இதில் சுத்தம் என்று மார்தட்ட முடியாது. சர்க்கார் விளம்பரம் நின்றால் எந்தப் பத்திரிகையின் குரல் கம்மும், எதன் குரல் கம்மாது என்பது வாசகருக்கே தெரியும்.)

தவிரவும் அந்தத் தமிழ்ச் சேனல்கள் சொன்னது தமிழ்நாட்டுச் செய்தி. பெங்களூர் மாநகராட்சி குடிசையை எப்போது இடிக்கும், மகாராஷ்டிரத்தில் ரேஷன் அட்டைக்கு எந்தத் தாள் வேண்டும், கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை அவை ஏன் சொல்லப் போகின்றன? வெளிமாநிலத் தமிழன் மூன்று குரல்களுக்கு நடுவே நிற்கிறான். டில்லி ஹிந்தியில் பேசுகிறது. அவன் வாழும் மாநிலம் தன் மொழியில் பேசுகிறது, அது முறையே. சென்னை தமிழில் பேசுகிறது, ஆனால் அவனைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்குப் புரிகிற குரலில் அவனுக்கு வேண்டிய செய்தி இல்லை. வேண்டிய செய்தி இருக்கும் குரல் அவனுக்குப் புரியவில்லை.

கைக்குள் வந்த ரேடியோ

செல்போன் வந்த பிறகு இந்த நிலை மாறியிருக்க வேண்டும். மாறியது வேறு விதமாக. 2012 ஆகஸ்டில் பெங்களூரில் வேலை பார்த்த வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று போனுக்குப் போன் குறுஞ்செய்தி பறந்தது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். ரயில்வே குவஹாத்திக்குத் தனி ரயில் விட்டது. மத்திய சர்க்கார் செய்த வைத்தியம், மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை நாளுக்கு ஐந்து என்று சில நாட்களுக்குக் கட்டுப்படுத்தியது. பயந்தவர்களிடம் அவர்கள் மொழியில் பயம் வேண்டாம் என்று அதே போனில் சொல்ல முடியுமே என்று அப்போது யாருக்கும் முதலில் தோன்றவில்லை.

2016 செப்டம்பர் 12-ஆம் தேதி காவிரி நீர் விவகாரத்தில் பெங்களூர் மறுபடி எரிந்தது. இராமேசுவரத்தில் கர்நாடகப் பயணிகளின் வண்டி ஓட்டுநர் அடிக்கப்பட்ட படமும், பெங்களூரில் தமிழ் இளைஞர் ஒருவர் அடிக்கப்பட்ட படமும் போனிலும் டி.வி.யிலும் திரும்பத் திரும்ப ஓடின. 1991-ல் வாய்வழியாக மெல்லப் பரவிய கோபம் இப்போது கண்வழியாக நொடியில் பரவியது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாகக் கொளுத்தப்பட்டன. பல வட்டாரங்களில் ஊரடங்கு போடப்பட்டது. எந்த வட்டாரத்தில் ஊரடங்கு, எந்தச் சாலையில் பஸ் ஓடும், எந்த எண்ணுக்குப் போன் செய்தால் போலீஸ் வரும் என்பதைத் தமிழில் தெரிந்துகொள்ள அன்று தமிழ்த் தொழிலாளிக்கு இருந்த வழி, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேட்பது. பல பேர் கேட்டார்கள். அவர்களும் சொன்னார்கள், கதவைச் சாத்திக்கொண்டு தம் வீட்டில் இருத்தியும் வைத்தார்கள். அயலார் செய்த உபகாரம் அது. சர்க்காரின் கடமை அங்கே ஆள் இல்லாமல் நின்றது.

போன் சர்க்காருக்கு இன்னொரு வசதியையும் கொடுத்திருக்கிறது. 2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. தாராவித் தமிழரில் நெல்லைச் சீமையைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் எவ்வளவு பேர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1975-ல் டில்லியில் ஒரு சாலைக்கு மின்சாரத்தை நிறுத்தியவர்களுக்கும், 2018-ல் மூன்று மாவட்டங்களுக்கு இன்டர்நெட்டை நிறுத்தியவர்களுக்கும் கட்சி வேறு, ஊர் வேறு, காலம் வேறு. கை ஒன்றுதான்.

ஜனங்களோடு நேரடியாகப் பேசுகிறோம் என்ற பெருமை இப்போது எல்லா ஆட்சியாளரிடமும் இருக்கிறது. 2014 அக்டோபர் 3-ஆம் தேதி பிரதமரின் 'மன் கீ பாத்' வானொலிப் பேச்சு தொடங்கியது. மாநில மொழிகளிலும் அதன் வடிவம் ஒலிபரப்பாகிறது, நல்லதே. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 8 மணிக்கு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் நேரடிப் பேச்சாகத்தான் வந்தது. ஆனால் நேரடிப் பேச்சில் நடுவிலே நிற்கும் ஆள் போய்விடுகிறார். "ஐயா, ஒரு சந்தேகம்" என்று கேட்கிறவர் அவர். 1985-ல் தூர்தர்ஷனில் 'ஜன்வாணி' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது; அமைச்சர்களை உட்கார வைத்துச் சாதாரண மக்கள் கேள்வி கேட்டார்கள். அது நீடிக்கவில்லை. 1994 டிசம்பரிலிருந்து பாராளுமன்றக் கேள்வி நேரத்தை டி.வி.யில் பார்க்க முடிந்தது. 2020 செப்டம்பரில், நாடே பதில் வேண்டி நின்ற நேரத்தில், கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே எடுக்கப்பட்டது. எழுத்து மூலமான கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த வெளிமாநிலத் தொழிலாளர் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்கப்பட்டது. அந்தக் கணக்கு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் கொடுத்தது. இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் கூப்பிடத் தெரிந்த சர்க்காருக்கு, கூப்பிட்டவர்களில் யார் வீடு போய்ச் சேரவில்லை என்று எண்ணத் தெரியவில்லை.

முடியாது என்பதற்கு இப்போது இடமில்லை

ரேடியோ காலத்திலும் தூர்தர்ஷன் காலத்திலும் நேரம் குறைவு, அலைவரிசை குறைவு. அச்சடிக்கவும் செலவு. ஆகவேதான் மொழிச் சிறுபான்மையினர் பற்றி அரசுகள் செய்துகொண்ட ஏற்பாட்டில்கூட ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு பகுதியின் மக்கள்தொகையில் குறைந்தது 15 சதவீதம் பேர் ஒரு மொழியைப் பேசினால், முக்கியமான அறிவிப்புகளையும் விதிகளையும் அந்த மொழியில் வெளியிட வேண்டும் என்பது அது. வெளியிட்டார்களா என்பது வேறு கதை. எனினும் 15 சதவீதம் என்ற கணக்குக்கு அன்று பொருள் இருந்தது. காகிதம், அச்சு, ஆள் எல்லாம் வேண்டும். இன்று ஒரு குரல் பதிவை ஒரு போனுக்கு அனுப்புவதும் ஒரு கோடிப் போனுக்கு அனுப்புவதும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. ஒருவருக்குத் தமிழில் போவதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கன்னடத்தில் போவது நிற்காது. 1994-ல் பெங்களூரில் சண்டைக்குக் காரணமான அந்த ஒரே பாய் இப்போது இல்லை. ஆளுக்கொரு பாய் இருக்கிறது.

முடியும் என்பதற்குச் சர்க்காரே சாட்சி. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் ஹிந்தியில் பேசப் பேச, கம்ப்யூட்டர் அதைத் தமிழாக்கித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் காதில் சொல்லிற்று. 'பாஷிணி' என்ற மொழிபெயர்ப்புத் திட்டம் 2022-லேயே தொடங்கப்பட்டது. விழாவுக்கு வந்த விருந்தாளிக்கு உடனடித் தமிழ் கிடைக்கிறது. கூலி நின்று, அறை வாடகை நின்று, ரயில் உண்டா என்று தவிக்கிறவனுக்குக் கிடைக்காது என்றால் எந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. எந்திர மொழிபெயர்ப்பில் பிழை வரும் என்பது மெய்தான். நாலு வரி உத்தரவைச் சரிபார்க்க, தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி டில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் கிடைக்காமல் போக மாட்டார்.

மாநிலங்களாலும் முடியும். 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான படங்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் கலங்கிப் போனார்கள். தமிழகப் போலீஸ் வதந்தியை உடனே மறுத்தது; ஹிந்தியில் அறிவிப்பு வந்தது; ஹிந்தி தெரிந்தவர்கள் உதவி எண்களில் உட்கார்ந்தார்கள். ஹிந்தித் திணிப்பை எதிர்க்கும் மாநிலம் ஹிந்தியில் பேசியதில் முரண்பாடு ஏதுமில்லை. தன் ஊரில் வந்து உழைக்கிறவனின் பயத்தை அவன் மொழியில் போக்குவது திணிப்புக்கு நேர் எதிரான காரியம். ஆலைகள் காலியாகிவிடும் என்ற அச்சமும் அதில் சேர்ந்திருந்தது என்பது உண்மை. அதனால் குற்றமில்லை. திருப்பூரில் பீகாரிக்குக் கிடைத்தது பெங்களூரிலும் மும்பையிலும் தமிழனுக்குக் கிடைக்க வேண்டும் என்று தமிழக அரசு அந்த அரசுகளிடம் எழுத்தில் கேட்க இப்போது அதற்குத் தகுதியும் இருக்கிறது. கேட்டால், சென்னையில் இருக்கும் ஒடியா, வங்காளத் தொழிலாளிக்கும் அதையே செய்யும்படி பதில் வரும். வரட்டும், செய்ய வேண்டியதுதானே.

பெங்களூர்த் தமிழர் சங்கங்களில் சிலர் இதைக் கேட்கத் தயங்குவது புரிகிறது. தமிழ் என்று சொன்னாலே கன்னடத்துக்குப் போட்டி என்று திரித்துவிடுவார்களோ என்ற பயம். கன்னடத்தின் இடத்தில் கை வைக்கும் கோரிக்கை இதில் எங்குமே இல்லை. ஆபீஸ் மொழி கன்னடமாக இருக்கட்டும், பெயர்ப் பலகை கன்னடத்தில் இருக்கட்டும், தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் கற்கட்டும், கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளம் வரும்போதும், நோய் வரும்போதும், ஊரடங்கு வரும்போதும் எச்சரிக்கை ஒன்று புரிகிற மொழியில் வர வேண்டும் என்பது மட்டுமே கேட்பது. 2023-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை எல்லாப் போன்களிலும் ஒரே சமயத்தில் அலறும்படி பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடத்தியது பலருக்கும் நினைவிருக்கும். நம்பர் தெரியாமலே, கோபுரத்தின் கீழ் இருக்கும் போனையெல்லாம் எட்டக்கூடிய ஏற்பாடு அது. அலறல் எல்லோருக்கும் புரிந்தது. எழுத்துதான் எல்லோருக்கும் புரியவில்லை.

திரும்பிப் பேசும் வழியும் ஏட்டில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 350-ஆவது விதி, குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் அதிகாரியிடம் கொடுக்கலாம் என்கிறது. பெங்களூரில் ஒரு தாசில்தார் ஆபீசில் தமிழில் மனு எழுதிக்கொண்டு போய் நின்றவர் எத்தனை பேர், அதை வாங்கிக்கொண்டவர் எத்தனை பேர் என்று தமிழ்ச் சங்கங்கள் ஒரு தடவை கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 'இ-ஷ்ரம்' என்ற பெயரில் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேட்டைத் தொடங்கியது. கோடிக்கணக்கானோர் பதிந்திருக்கிறார்கள், பிழைக்கப் போன தமிழர்களும் அதில் உண்டு. செல்போன் எண் அதில் இருக்கிறது; சொந்த ஊர் இருக்கிறது. மறுபடி ஓர் இரவு எட்டு மணிக்கு ஓர் உத்தரவு பிறக்குமானால், அதே எட்டு மணிக்கு அந்த எண்ணுக்குத் தமிழில் நாலு வரி போக வேண்டும்: எந்தக் கடை திறந்திருக்கும், ரயிலும் பஸ்ஸும் எதுவரை ஓடும், முதலாளி கூலி தராவிட்டால் யாரிடம் சொல்வது, தமிழில் பேசக்கூடிய உதவி எண் எது.